நேர்ந்துவிட்ட வாத்தும் நீயும்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.

சூசை,

உன் நைனாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நம் வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் உன் தம்பி அருள்தான். அடியில் நான் ஒரு கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் பன்னிரண்டு வருஷமாக நம் கடிதப் போக்குவரத்து. இந்த முறை பேனாவை நானே எடுத்துக்கொண்டேன். இதை அவன் கையால் எழுத முடியாது, ஏன் என்று போகப் போகத் தெரியும். எனக்கும் எழுத எழுதத்தான் தெரியும் போலிருக்கிறது.

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. பதினொரு வரி. அதில் பத்து வரி, பிலாஸ்பூரில் மருமகள் வளர்க்கும் வாத்துகளைப் பற்றி. மூன்று ஆண் வாத்தும் இரண்டு பெட்டையும் இருக்கின்றன, ஆண் வாத்துகள் ஒரு பெட்டையை விரட்டி விரட்டிக் கழுத்து இறகையெல்லாம் பிடுங்கிவிட்டன, ரத்தம் வருகிறது, எந்த ஆண் வாத்தை அறுப்பது, நீங்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். பதினோராவது வரியில், 'அருள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை' என்று முடித்திருக்கிறாய். இந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஐந்து நாளாக விழித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன் நான். கப்பலின் அடித்தளத்திலிருந்து தூக்கும் சரக்கு கண்ணுக்குத் தெரியாது, கயிறு முனகுவதை வைத்தே பாரம் நேராக வருகிறதா சாய்ந்து வருகிறதா என்று சொல்லிவிடுவேன். உன் பதினொரு வரியில் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. உன் அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "புள்ள கண்ணாலத்துக்கு வரானா இல்லியான்னு கேளுங்க. வாத்துக்கு இப்ப இன்னா அவசரம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே சொல்கிறாள். நான் வாத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். வாத்தென்றால் பிடித்துக்கொள்ள ஒரு கழுத்தாவது இருக்கிறது.

முதலில், எதையும் அறுக்காதே. அடிபட்ட பெட்டையை இன்றைக்கே தனியாக எடு. கண்ணுக்கு மறைவாக வேறு அறையில் வைத்துவிடாதே, அதே முற்றத்தில் ஒரு மூலையில் பழைய வலையைக் கட்டி அதற்குள் விடு. மற்றவை அதைப் பார்க்க வேண்டும், அதுவும் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். புண்ணில் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவு, ஈ மொய்த்தால் வேப்பெண்ணெய் போடு. தண்ணீர்த் தொட்டி ஆழமாக இருந்தால் அலகு நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீரை வைத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடு. இதை மறக்காதே, ஏன் என்று கீழே சொல்கிறேன். தீனியை ஒரே பாத்திரத்தில் போடாமல் இரண்டு மூன்று இடத்தில் வை. இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். நான் செய்யாமல் விட்டது அந்தக் கடைசிக் காரியத்தைத்தான்.

நமக்கு வாத்து எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது, நம் வரிசையின் கடைசி வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மூன்று வாத்துகளை நம் முற்றத்தில் விட்டுவிட்டு, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை, வாத்துகள் முட்டை போட ஆரம்பித்தன. ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் முட்டை இருந்ததென்றால் நாம் ஜமீன்தார்தான். உன் அம்மா சும்மா இருப்பாளா? அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு அடியில் வாத்து முட்டையை வைத்துவிட்டாள். அந்தக் கோழி பாவம், பொரித்த குஞ்சுகள் சாக்கடையில் இறங்கி நீந்துவதைப் பார்த்துக் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தும். நீயும் அருளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். இப்போது நினைத்தால் அந்தக் கோழியை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அடுத்து நேர்ச்சை விஷயம். இது உனக்குத் தெரிந்ததுதான். மருமகள் அந்தப் பக்கத்துப் பெண், நீ படித்துக் காட்டும்போது அவளுக்கும் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது நோய் வந்தால், 'இது குணமானால் திருவிழா அன்றைக்கு இந்த உயிரைக் கோயிலில் கொடுக்கிறேன்' என்று ஒரு சேவலையோ ஆட்டையோ நேர்ந்துவிடுவோம். திருவிழா அன்று கோயிலில் அதை ஏலம் விடுவார்கள். அதுவரை அதை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கை ஓங்கக்கூடக் கூடாது. அருளுக்கு டைபாய்டு வந்து பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, குஞ்சுகளிலேயே பெரிதாக வளர்ந்திருந்த வெள்ளை ஆண் வாத்தை உன் அம்மா நேர்ந்துவிட்டுக் காலில் சிவப்பு நாடா கட்டினாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறதென்று நீங்கள் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தீர்கள். துரைக்கு ஏதாவது ஆனால் அருளுக்கும் ஆகிவிடும் என்று அவள் அருள் காதுபடவே சொல்லிக்கொண்டிருப்பாள். அருள் பிழைத்தான். அதோடு விட்டாளா? எனக்கு முதுகுப் பிடிப்பு வந்தால் ஒரு வாத்து, உனக்குக் காதில் சீழ் வைத்தால் ஒரு வாத்து. எல்லாம் ஆண் வாத்து, ஏனென்றால் பெட்டை முட்டை போடும், அதை யார் கொடுப்பார்கள்? அந்த வருஷம் பார்த்து, குண்டுக்குப் பயந்து விளக்குப் போடக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது என்று திருவிழாவைச் சுருக்கிவிட்டார்கள். ஏலம் கிடையாது, அடுத்த வருஷம் கொண்டு வாருங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார். நம் முற்றத்தில் சிவப்பு நாடா கட்டிய ஐந்து ஆண் வாத்துகளும் நான்கு பெட்டைகளும் நின்றன. ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் இருந்தால் போதும் என்கிற கணக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

சண்டை வந்தது. வராமல் என்ன செய்யும்? பெட்டைகளின் முதுகு மொட்டையாயிற்று. ஆண் வாத்துகள் ஒன்றையொன்று கழுத்தைக் கவ்விக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்றின. நான் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து எனாமல் பேசினில் தவிட்டைப் பிசைந்து, காத்திவாக்கத்திலிருந்து மீன் விற்க வரும் அம்மாள் கொடுத்துவிட்டுப் போன பொடி இறாலைக் கலந்து நடு முற்றத்தில் வைப்பேன். ஒரே பேசின். ஒன்பது தலை. நடக்கும் கலவரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, துரைதான் எல்லாவற்றையும் தள்ளுகிறது, துரைதான் ரவுடி என்று தீர்ப்புச் சொல்வேன். பெரியதாக இருந்தது, கண்ணில் பட்டது. சின்னதாக இருந்தவை எதுவும் என் கண்ணில் படவில்லை. கால் ஊனமான ஒரு பெட்டை இருந்ததே, நொண்டி, அதை மட்டும் நான் கையில் எடுத்துத் தனியாக ஊட்டுவேன், அதன் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம்.

பிறகு, நீங்கள் புள்ளி என்று கூப்பிடுவீர்களே, அந்தப் புள்ளிப் பெட்டை செத்தது. தார்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்து, குளிக்கட்டும் என்று நான்தான் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். ஆண் வாத்துகள் அதற்குள் அதைப் போட்டு அமுக்கிவிட்டன. நான் வந்து பார்த்தபோது அது தண்ணீரில் மிதந்தது, பீப்பாயின் விளிம்பில் துரை நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அருள் அந்தப் பெட்டையின் மேல் உயிராக இருந்தவன், சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நீ அவன் பக்கத்தில் நின்றாய். நான் உங்கள் இரண்டு பேர் முன்னாலேயே, "இந்தத் துரைப்பயல ஒருத்தன் கட்டையால போட்டாத்தான் இந்த வூடு உருப்படும்" என்று சொன்னேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். என்ன சாப்பிட்டேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை, ஆனால் இந்த வாக்கியம் மட்டும் போன வாரத்திலிருந்து என்னை விட மாட்டேன் என்கிறது.

மறுநாள் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று கப்பல் இல்லை, மத்தியானமே திரும்பிவிட்டேன். முற்றத்துக் கதவைத் திறந்தால் நீ கையில் விறகுக் கட்டையோடு நிற்கிறாய். அருள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறான், கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் மடங்கியிருக்கிறது. உனக்கு வயது பதின்மூன்று, அவனுக்குப் பத்து. காலையில்தான் நீ அவனைக் கிள்ளினாய் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் என்ன நினைப்பேன்? அவனை மாவுக்கட்டுப் போடக் கொண்டுபோய் வந்த பிறகு உன்னை நிற்க வைத்துக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்கிறேனே, இடுப்பு வாரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டுதான் கேட்டேன். நீ வாய் திறக்கவில்லை. ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ விழுந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாய். "நைனா, துரைய ஒண்ணும் பண்ணிடாத" என்றாய். தம்பி கை ஒடிந்து கிடக்கிறான், இவனுக்கு வாத்து முக்கியமா என்று எனக்கு அதற்கும் சேர்த்து வெறி ஏறியது. அன்று உன்னை எவ்வளவு அடித்தேன் என்று எனக்குத் தெரியும் சூசை. தெரியாத மாதிரி இத்தனை வருஷமும் நடித்தேன்.

ஒரே வாரத்தில் வீட்டிலிருந்து இரண்டு பேரை அனுப்பினேன். துரையை வண்ணாரப்பேட்டை அமீது பாயிடம் கொடுத்தேன். அவர் வீட்டில் ஏற்கெனவே வாத்தும் புறாவும் இருந்தன, நேர்ந்துவிட்டதை அறுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். உன்னை பிலாஸ்பூரில் இருந்த என் தங்கை வீட்டுக்கு ரயிலேற்றினேன். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை, அங்கேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, பையன் திருந்துவான் என்று எல்லாரிடமும் சொன்னேன். வாத்தைக் கூடையில் போட்டுத் துணியால் மூடிக் கட்டியபோது பாய் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, பெருசா கீறான்னு இவன்தான் ரவுடின்னு முடிவு கட்டிட்டியா? ஒரு நாளாச்சும் குந்திகினு பாத்தியா?" என்றார். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்று சொன்னேன்.

துரை போய் மூன்றாம் நாள் முற்றத்தில் மறுபடி ரத்தம். இப்போது ரவுடி, எனக்கு முதுகு பிடித்ததற்காக நேர்ந்துவிட்ட சாம்பல் நிற வாத்து. அதுவரை அது இருக்கிற இடமே தெரியாது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பார்த்ததை உனக்கு அப்படியே சொல்கிறேன், நீயும் பிலாஸ்பூரில் இதைத்தான் தேட வேண்டும். நான் கையில் வைத்து ஊட்டினேனே அந்த நொண்டி, அது சாம்பல் வாத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு ஒரு பெட்டை அந்தப் பக்கம் வந்தால் போதும், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக அதைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டி ஒரு மாதிரி முனகும். உடனே சாம்பல் வாத்து பாயும். நொண்டி ஒரு அடிகூட எடுத்து வைக்காது. எல்லாம் முடிந்த பிறகு நொண்டிக்கொண்டு வந்து என் கையில் தீனி கேட்கும். பெட்டை வாத்துக்கு இது வழக்கம்தான், துணையை ஏவிவிடுவது அதன் குணம், குற்றம் என்று சொல்ல முடியாது என்று பாய் பிறகு சொன்னார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. துரையையும் அதுதான் ஏவியதா, துரை தானாகவே செய்ததா, பீப்பாயில் அமுக்கியது துரையே இல்லையா, எதற்கும் சாட்சி கிடையாது.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தேன். பேசினை மூன்றாக்கினேன். பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டேன். நொண்டிக்குக் கையில் ஊட்டுவதை நிறுத்தினேன். அடுத்த திருவிழாவுக்கு நாடா கட்டியவற்றில் மூன்றைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தோம், ஒரே ஓர் ஆண் மிஞ்சியது. சண்டை நின்றது. எதனால் நின்றது என்று கேட்காதே. பேசினா, பீப்பாயா, நொண்டியா, எண்ணிக்கையா? ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருந்தால் சொல்லலாம். எண்ணிக்கைதான் என்று பாய் சொல்வார், கோயிலுக்குக் கொடுத்ததால் என்று உன் அம்மா சொல்வாள். நீ மூன்று ஆணுக்கு இரண்டு பெட்டை வைத்துக்கொண்டு எதை அறுப்பது என்று கேட்கிறாய். அறுத்தால் குறையும், அது நிஜம். ஆனால் அறுப்பதற்கு முன் அது அந்த வாத்தின் குற்றம் என்று மட்டும் தீர்ப்பு எழுதாதே.

இன்னொன்று இருக்கிறது. சண்டை நின்றதும் துரையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவனுடைய நேர்ச்சை பாக்கி இருக்கிறதே என்று அவளுக்குப் பயம். நான் பாய் வீட்டுக்குப் போய்க் கூடையில் வாங்கிக்கொண்டு வந்து நடு முற்றத்தில் கவிழ்த்துவிட்டேன். அது அவனுடைய பழைய முற்றம்தானே, நேராகத் தன் மூலைக்குப் போவான் என்று நினைத்தேன். ஏழெட்டு மாதத்தில் அந்த மூலை வேறு வாத்தின் மூலையாகியிருந்தது. எல்லாம் சேர்ந்து அவனைச் சுவரோரம் ஒதுக்கிக் கொத்தின. அவ்வளவு பெரிய வாத்து, திருப்பிக் கொத்தவில்லை, தலையைச் சுவரில் புதைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் பாயிடமே கொண்டுபோய்விட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிய போயிட்டு வந்தவன நடுவுல தூக்கிப் போடுவாங்களா? மொதல்ல வலைக்கு அந்தாண்ட வையி. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தீனி போடு. மூஞ்சி பாத்துப் பழகட்டும். அப்பால கூண்டை எடம் மாத்தி வையி. யாருக்கும் இது என் எடம்னு இருக்கக் கூடாது, அப்போ வுடு" என்றார். துரை அவர் வீட்டிலேயே புறாக்களோடு கிழவனாகிச் செத்தான். உன் அம்மா அவனுக்குப் பதிலாக இரண்டு சேவல் கொடுத்தும் இன்றுவரை திருப்திப்படவில்லை.

அதே வருஷக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய், முதல் தடவையாக. நாங்கள் ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து உன்னை வீட்டுக்குள் விட்டோம். நீ படுக்கிற ஜன்னலோரத்தில் அருளுடைய பாய் விரித்துக் கிடந்தது. நீ சட்டை மாட்டுகிற ஆணியில் அவன் சட்டை தொங்கியது. நீ கையில் சட்டையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த ஆணியைப் பார்த்தாய், பிறகு மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாய். நான் பார்த்தேன். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், அதை எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வாசற்படியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாய். பத்து நாள் விடுமுறையில் மூன்றாம் நாளே பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்பினாய். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நீ வந்ததெல்லாம் இரண்டு நாள், ஒரு நாள். உன் கல்யாணத்தையே அங்கே வைத்துக்கொண்டாய். நாங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுகிற அந்நியர் மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

போன வாரம் அருள் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை அனுப்புவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். உன் பெயர் வந்ததும் நான், "அவன் எங்க வரப் போறான்" என்றேன். அருள் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "நைனா, அன்னிக்கு அண்ணன் என்னிய அடிக்கல" என்றான். அவனே மேலே சொன்னான். "நீதான துரைய எவனாச்சும் கட்டையால போடணும்னு சொன்ன. புள்ளிய கொன்னுட்டான்னு எனக்கு ஆத்திரம். நான்தான் கட்டைய எடுத்துகினு போய் அடிச்சேன். அண்ணன் ஓடியாந்து புடுங்கிச்சு. வாத்துப் பீ கெடந்த எடம், நான் கல்லு மேல வுழுந்துட்டேன். நேர்ந்துவுட்டத அடிச்சா எனக்குத் திரும்ப ஜுரம் வந்து செத்துருவேன்னு அம்மா சொல்லிகினே இருக்குமே, பயந்துபோய் அம்மாவாண்ட சொல்லாதன்னு அண்ணன் காலப் புடிச்சு அழுதேன். சொல்ல மாட்டேன்னுச்சு" என்றான். உன் அம்மா கையில் இருந்த கவர்களெல்லாம் மடியில் கொட்டிவிட்டன. "இத்தினி வருசமா ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அவன் கோணலாகச் சேர்ந்த அந்தக் கையைத் தடவிக்கொண்டே, "நீ என்னக் கேக்கவே இல்லியே நைனா. அண்ணனத்தான கேட்ட" என்றான்.

சூசை, அன்றைக்குப் பத்திரிகை எழுதுவது அதோடு நின்றது. உன் அம்மா, "நான் வாயக் கட்டியிருந்தா புள்ளைங்க இப்டி பயந்திருக்காது, என்னாலதான்" என்று அழுகிறாள். அருள், "கட்டைய இழுக்கறப்போ அண்ணன் தள்ளுச்சா, நானா வுழுந்தேனான்னு சத்தியமா எனக்கே தெர்ல" என்றும் சொல்கிறான். அப்படியானால் நான் என் கண்ணால் பார்த்தது என்ன? கதவைத் திறந்தபோது பார்த்தது பொய்யில்லை. கட்டை உன் கையில்தான் இருந்தது, அவன் கீழேதான் கிடந்தான். பார்த்தது நிஜம், விளங்கிக்கொண்டது தப்பு என்று ஒரு சமயம் நினைக்கிறேன். கல்யாணத்துக்கு நீ வர வேண்டும் என்பதற்காக அருள் கொஞ்சம் பூசி மெழுகுகிறானோ என்று ஒரு சமயம் நினைக்கிறேன், அடுத்த நிமிஷமே அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். 'துரைய ஒண்ணும் பண்ணிடாத' என்று நீ கெஞ்சியது வாத்துக்காக இல்லை, தம்பிக்காக என்று இப்போது தோன்றுகிறது. துரைக்கு ஒன்று ஆனால் அருளுக்கும் ஆகும் என்று நீயும் நம்பியிருப்பாய். இதுவும் சரியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஏவிவிட்டவன் நான். தோளுக்கு மேலாகத் தலையை ஆட்டிவிட்டு நான் சாப்பிடப் போனேன், அடி வாங்கியது நீ. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பன் மகனிடம் கேட்கலாமா என்று தெரியாது, கேட்டுவிட்டேன்.

அன்று என்ன நடந்தது என்று உன்னை இனிமேல் கேட்க மாட்டேன். ஒரு தடவை கேட்ட லட்சணம் போதும். உனக்காகத் தோன்றினால் சொல், இல்லையென்றால் விடு. அருள் இதை உனக்கு எழுத முயற்சி செய்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டான், அதனால்தான் பேனா என் கைக்கு வந்தது. கல்யாணம் நடக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. லீவு கிடைக்குமா என்று உன் மேலதிகாரிக்குத்தான் தெரியும் என்று நீ எழுதினால் நான் நம்பிக்கொள்கிறேன். கிடைத்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து இறங்காதே. மருமகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் முன்னாலேயே வா. எடுத்த எடுப்பில் நம் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் அமீது பாய் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, அவரிடம் பேசிவிட்டேன். அங்கே இருந்துகொண்டு சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வா. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம், மூஞ்சி பார்த்துப் பழகுவோம். உன் அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம் புள்ள இன்னா வாத்தா" என்று திட்டுகிறாள். அழுதுகொண்டுதான் திட்டுகிறாள்.

இங்கே கல்யாணத்துக்காகச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டோம். பெட்டி, கட்டில், பாத்திரம், மாதா படம் எல்லாம் முற்றத்தில் கிடக்கின்றன. யாருடைய பாய் எங்கே கிடந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அருள் எங்கேயோ பழைய வேட்டியை விரித்துப் படுத்துக்கொள்கிறான். சுண்ணாம்பு அடிக்கிறவர் சுவரில் இருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரத்து ஆணிக்கு அவர் வந்தபோது அருள் எழுந்து போய், அதை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் என்று சொன்னான். இப்போது சுவரெல்லாம் வெள்ளை, நடுவில் அது ஒன்றுதான் இருக்கிறது. அதில் யார் சட்டையும் இல்லை.

உன் நைனா